வேஸ்ட் காப்பி

ஆஸ்டின் டவுனில்
பள்ளிக்கூடத்துப் பின்கேட்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை. ஆறடிக்கு ஏழடி.
திங்கட்கிழமை எட்டேகாலுக்கு
ரெனிட்டா மிஸ் ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலே கத்துவார்:
“நூற்று நாற்பத்தொன்று பர்சன்ட், தணிகை!
மஞ்சள் தாள். பதினொரு காப்பி.
பின்பக்கம் எதுவும் வரக்கூடாது.”

மற்ற டீச்சர்கள் சுருக்கச் சொல்வார்கள்.
ஒரு தாளில் நான்கு பக்கம், காசு மிச்சம்.
இவர் மட்டும் பெரிசாக்கு, இடம் விடு,
வரிக்கும் வரிக்கும் நடுவே ஓர் ஆட்டோ போகணும் என்பார்.

பி-க்கும் டி-க்கும் வயிறு எந்தப் பக்கம் என்று
ஒரு கட்டில் படம், தலைமாடு கால்மாட்டோடு.
‘நைஃப்’ என்ற சொல்லின் வாசலில்
வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் ஒரு கே;
அதை மட்டும் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தார்.
என் மெஷினுக்குச் சாம்பல் தெரியாது.
முதல் வாரம் அந்தக் கே காணாமலே போனது.

ஸ்பைரல் பைண்டிங்குக்கு வெட்டும்
கண்ணாடி அட்டையில் மிஞ்சும் துண்டுகள்,
நீலம், மஞ்சள், ரோஸ்.
குப்பைக்கூடையைக் குடைந்து எடுத்துப்போனார்.
“எழுத்து ஆடுதுன்னு சொல்ற பிள்ளைங்களுக்கு
மேலே வைக்க.”

எழுத்து ஆடுமா என்று நான் கேட்கவில்லை.
யாருக்கும் ஆடுவதில்லை என்றுதான்
பத்தாவது வரை எனக்குச் சொல்லியிருந்தார்கள்.
இங்கிலீஷில் பதினெட்டு.
மறுபடி எழுதி இருபத்தொன்று.
மூன்றாம் தடவை எழுதவில்லை.
சிவாஜிநகரில் டோனர் நிரப்பப் போய்விட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் முபீனா வந்தாள், ஒன்பதாவது.
தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்து,
“அண்ணா, வலது ஓரம் வெட்டிருச்சு.
இந்த ‘நைட்’ல டி இல்ல.
பதினொரு பேருக்கும் இல்ல.”

பெரிதாக்கினால் ஓரம் ஒழுகும். கவனிக்கவில்லை.
கவனிப்பதென்றால் வாசிக்க வேண்டும்.
காசில்லாமல் மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்று கூடுதலாக வந்துவிட்டது.
வந்துவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டேன்.
நோட்டில் எழுதினேன்: வேஸ்ட் 1.

மத்தியானம் கரண்ட் போனது.
ஷட்டரைப் பாதி இறக்கி
அந்தத் தாள்மேல் மஞ்சள் துண்டை வைத்தேன், ஒன்றுமில்லை.
ரோஸ், தலை வலித்தது.
நீலம்.
மழை நாளில், மெஜஸ்டிக்கில், ஆறரை மணி பஸ்ஸுக்கு
முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டம்
சட்டென்று வரிசையில் நின்றது.
வரி என்றால் வரிசை என்பது
முப்பத்தாறு வயதில் தெரிந்தது.

ஒரு சொல். அப்புறம் பக்கத்துச் சொல்.
நாய் ஒன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை,
அவ்வளவுதான் கதை.
ஏன் தூங்கவில்லை என்பது அடுத்த தாளில்.
அடுத்த தாள் அடுத்த திங்கள்.

வேஸ்ட் 1.
வேஸ்ட் 1.
வேஸ்ட் 1.
மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு மிஸ்
“மெஷினைச் சர்வீஸுக்கு விடு தணிகை” என்றார்.
சரி மிஸ் என்றேன்.

போன திங்கள் தூறல். ஒன்பதாம் தாள்.
முதல் காப்பி சூடாக நழுவி வந்தது.
நாய் ஒரு குழாய்க்குள் புகுந்து
அந்தப் பக்கம் வெளியேறுகிறது.
அந்த ‘த்ரூ’வின் கடைசியில்
ஓர் எச் குறைந்தது,
வாயே திறக்காத எச்,
இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே சத்தம்.

மெஷினை நிறுத்தினேன்.
மூடியைத் தூக்கித் தாளை
ஒரு நகக்கண் அளவு நகர்த்தினேன்.
வாசலில் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
“லேட் ஆகுது, தணிகை!”

“ஒரு நிமிஷம் மிஸ்,
ஓர் எழுத்து உள்ளே வரணும்.”