சந்தா

குவில்ட் சங்கத்துக்கு வருஷம் முப்பது டாலர்.
"அதுக்கு என்ன கிடைக்கும்?" என்றான் லோவெல்,
கோதுமைக் கணக்கைப் பார்க்கும் அதே கண்ணால்.
தெரியாது என்றேன். தெரியவும் தெரியாது.

வியாழன் மாலை, வடக்கு டகோட்டாவில்
ஒரு தேவாலயத்தின் நிலவறை.
ஆறிய காபி வாடை. ஹீட்டர் மேல் காயும் கையுறைகள்.
பத்துப் பெண்கள், ஓர் ஆண்:
பனி வாரும் வண்டி ஓட்டுகிற ஹார்லன்.
எங்கள் எல்லாரையும்விடப் பொடித் தையல் அவனுடையது.

முதல் மாதம் எனக்குக் கிடைத்தது
பிரிக்கிற வேலை.
என் நட்சத்திரத்தின் முனைகளை
விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள் மார்லிஸ்.
"கால் அங்குலம்னா கால் அங்குலம்தான், ஆர்டிஸ்."
மூன்றாம் தடவையும் பிரித்தேன். அழுகை வந்தது.
பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினாள்,
தீர்ப்பை மாற்றவில்லை.

அப்புறம் ஒரு பை நிறைய நீலத் துண்டுகள்.
யாரோ பாதியில் விட்ட திரைச்சீலை,
யாருக்கோ போடச் சலித்த சட்டை.
நீலம் ஒரே நிறம் என்றிருந்தேன் அதுவரை.

போர்வையை இழுத்துக் கட்டிய மரச்சட்டம்,
நான்கு பக்கமும் நாங்கள்.
கண் ஊசியில். இடக்கை துணிக்கு அடியில்,
நுனி குத்தக் காத்துக்கொண்டு.
யார் முகத்தையும் யாரும் பார்க்க முடியாது.
வாய் மட்டும் சும்மா இருக்கிறது.

அப்படித்தான் ஒரு பிப்ரவரியில்,
வெளியே மைனஸ் முப்பது,
ஹார்லன் சொன்னான்:
மகன் சிறையிலிருந்து வரும் தேதி தெரியும்,
கூப்பிடப் போவேனா, அதுதான் தெரியவில்லை.
பெரிட் சொன்னாள்:
மாத்திரையைப் பாதியாய் உடைத்துப் போடுகிறேன்,
இரண்டு மாதம் வரட்டும் என்று.
நானும் ஒன்று சொன்னேன்,
லோவெலிடம் இன்னும் சொல்லாததை.
ஒருவரும் தலை நிமிரவில்லை.
நூல்கண்டு மட்டும்
கை மாறிக் கை மாறி
என்னிடம் வந்து நின்றது.

அடுத்த வாரம் பெரிட்டின் கார் இருக்கையில்
மருந்துக்கடை உறை ஒன்று கிடந்தது.
இந்த ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை.

மார்ச்சில் ஒரு வியாழன் ஹார்லன் வரவில்லை.
நாற்காலியை நகர்த்தாமல் விட்டோம்.
மறுவாரம் வந்தான். பின்னால்,
கையை எங்கே வைப்பதென்று தெரியாத
ஒல்லியான ஒருவன்.
மார்லிஸ் அவனிடம் அளவுகோலை நீட்டினாள்.
"கால் அங்குலம்" என்றாள்.

இந்த வருஷமும் முப்பது டாலர்.
இந்த வருஷமும் கேட்டான் லோவெல்.
"கத்தரிக்கோல் சும்மா சாணை பிடிச்சுத் தர்றாங்க" என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப அந்தத் தகரம் வெட்டுறதையும்
எடுத்துட்டுப் போயேன்."