தீப்பெட்டிக்குள் ஐந்து

குச்சவெளி உப்பளத்துக்குப் பின்னால்
மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப்
போன வருடம்தான் கழற்றினார்கள்.
இருபது வருடம் ஆடுகூட மிதிக்காத நிலம்.
அதனால்
சதுரக்கள்ளி நின்றபடியே செத்து
செத்த பின்னும் நின்று
தனக்குள் தானே உக்கிக்கொண்டிருந்தது.

ஒரு துண்டு வெட்டினேன்.
கச்சான் காற்று
வாய்க்குள் மணல் போட்டது.
"விறகுக்கும் ஆகாதே டீச்சர்" என்றார்
ஓட்டோ மிஹ்லார்.

பெட்ரிக் கிண்ணம், வடிதாள்,
கொதித்தாறிய தண்ணீர்.
மூடி வைத்தால்
மழை வந்துவிட்டதென்று நம்பிவிடும்.
நான் செய்ததெல்லாம்
அந்த ஒரு பொய்தான்.

ஆறாம் நாள் ஒன்றுமில்லை.
பதினான்காம் நாள் நூற்புழு.
பத்தொன்பதாம் நாள் கரண்ட் இல்லை.
கைபேசி வெளிச்சத்தில்
மஞ்சளாய் ஓர் ஈரம்
நரம்பு விட்டு, நரம்பை இழுத்து
கள்ளியின் விளிம்புக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.
எத்தனை மணிவரை பார்த்தேனோ,
பற்றரி செத்துவிட்டது.

விடியப் பார்த்தால் ஈரம் இல்லை.
பதினொரு காம்புகள்.
ஒவ்வொன்றின் தலையிலும்
கடுகில் கால்வாசி உருண்டை,
தேன் நிறம்,
மேலே சுண்ணாம்புப் பொருக்கு.

சளிப்பூஞ்சணம் என்கிறோம்; பூஞ்சணம் இல்லை.
ஊர்ந்து இரை தேடும்; விலங்கும் இல்லை.
அனுமதிப் படிவத்தில்
அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.
இந்தப் பக்கம் பிறந்த எனக்கு
அது ஒன்றும் புதிதல்ல.

'கிடைத்த இடம்' என்ற கோட்டில்
பேனை நின்றுவிட்டது.
ஆடு மேய்க்கிறவர்கள் சொல்வது ஒரு பெயர்,
உப்பளத்தார் சொல்வது ஒன்று,
புதுப் பலகையில் வேறொன்று.
அகலாங்கும் நெட்டாங்கும் எழுதினேன்.
எண்களோடு இன்னும்
யாரும் சண்டைக்கு வரவில்லை.

விவரிக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும்.
மூன்றைக் கண்ணாடித் தட்டில் நசுக்கினேன்:
வித்தி பதினொரு மைக்ரோன்,
முள் முள்ளாய், ஒரு பக்கம் வெளிறி.
இரண்டு, மூன்று கடிதங்களின் துணையோடு
ஸ்பெயினுக்குப் போயின.
ஒன்றைச் சிற்றுண்ணி தின்றது.
ருசி எப்படியென்று
கட்டுரையில் எழுத வழியில்லை.

பெயர் வைக்கச் சொன்னார்கள்.
ஆட்களின் பெயர் வேண்டாம் என்றிருந்தது.
'நின்றபடி' என்பதற்கு இலத்தீன் தேடினேன்.
ஒரே சொல். சின்னச் சொல்.
வைத்துவிட்டேன்.

மிச்சம் ஐந்தையும் பசையில் ஒட்டித்
தீப்பெட்டிக்குள் வைத்து
கொழும்பு பஸ்ஸுக்குப் புறப்பட்ட காலையில்
மிஹ்லார் கேட்டார்:
"மருந்துக்கு ஆகுமா?"
இல்லை.
"தின்னலாமா?"
இல்லை.
"விக்கலாமா?"
யார் வாங்குவார்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"புல்மோட்டை மண்ணைப் பாருங்க,
கப்பல் கப்பலாப் போகுது.
அப்ப இது தப்பிட்டு."

பிறகு
என் மடியிலிருந்த தீப்பெட்டியைக்
கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு
நிலாவெளி றோட்டின் குழிகளில்
ஒவ்வொரு சில்லாய் இறக்கி
ஏற்றினார்.