நாலு கல்

வீரவநல்லூரில் மூணு மருந்துக்கடை இருக்கிறது.
நான் பஸ் ஏறி
சேரன்மகாதேவிக்குப் போகிறேன்.

இருபத்தொரு மாத்திரை, ஒரு அட்டை.
கடைப் பையன் தினத்தாளில் சுற்றிக்கொண்டே கேட்கிறான்:
"இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம்னு இருக்கியளாக்கா?"
தலையாட்டுகிறேன்.
மற்றவர்கள் பிள்ளையைத் தள்ளிப்போட விழுங்குவதை
எலும்பு உளுத்துப்போகாமல் இருக்க,
மாசம் ஒரு ரத்தம் வர,
நான் விழுங்குகிறேன்.
மீதிச் சில்லறை வாங்குகிற நேரத்துக்குள்
இதை எப்படிச் சொல்ல?

எட்டு வயசில் வயிற்றில் கட்டி.
ரயிலேறித் திருவனந்தபுரம் போனோம்.
அப்பா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி,
"பிழைச்சிருவாளா?"
பதில் மலையாளத்தில் வந்தது. அப்பா அழுதார்.
எந்தப் பதிலுக்கான அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.
இரண்டாவது கேள்வி ஒன்று இருந்தது.
பால்பல் விழுந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு
அதை யார் கேட்பார்?
நான் குறை சொல்வதில்லை.
சில நாள் சொல்வேன்.

இருபத்திரண்டில் மாசம் நின்றது.
ராத்திரி ராத்திரி உடம்பு தீயாய்க் காந்தி
தலையணை நனைந்தது.
"நம்ம ஊரு வெக்கை அப்படி" என்றாள் அம்மா,
மார்கழியில்.

கல்யாணத்துக்கு முந்தியே கொம்பையாவிடம் சொல்லிவிட்டேன்,
பிள்ளை தங்காது என்று.
மிச்சம் எனக்கே தெரியாது.
முதல் மாசம் முழுக்கப் பல்லைக் கடித்துக் கிடந்தேன்.
தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு
அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

ஒருநாள் விளக்கு எரிந்தபோது கேட்டார்,
"இது என்ன, மச்சமா?"
தழும்பைச் சுற்றி நாலு நீலப் புள்ளி.
கதிர் பாய்ச்ச ஊசியால் குத்தின அடையாளம்.
தாலுகா ஆபீஸ் சர்வேயர் அவர்.
விரலை விரித்துச் சாண் போட்டார்.
"நாலு கல்லும் அசையாம இருக்கு. யாரு அளந்தது?"
"திருவனந்தபுரத்துக்காரன்."
"ரிக்கார்டுல என்ன எழுதியிருக்கான்?"
"தரிசு."

ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, "நத்தம்னு ஒண்ணு உண்டுல்லா.
அதுல ஒருத்தனும் விதைக்க மாட்டான்.
வீடு கட்டிக் குடியிருப்பான்."

நல்ல வார்த்தைதான்.
எனக்குக் கோபம் வந்தது.
நிலமாக இருந்து இருந்து அலுத்துவிட்டது.
"எனக்கு வலிக்கும்" என்றேன்.
"நீங்க தொடும்போதெல்லாம் வலிக்கும்.
பிடிக்காம இல்ல. வலிக்கும்."
எழுந்து உட்கார்ந்தார்.
விளக்கை அணைக்கவில்லை.

மறுவாரம் பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட்.
புது டாக்டரம்மா ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்,
"ரெண்டு பேரும் சேரும்போது எப்படி இருக்கு?"
இருபத்துமூணு வருஷத்தில்
என் ரத்தத்தை விசாரித்திருக்கிறார்கள்,
எலும்பை, இதயத்தை, ஒத்தைக் கிட்னியை.
கொம்பையா சுவரில் இருந்த
போலியோ சொட்டு மருந்துப் படத்தை
எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.
நான் எல்லாம் சொன்னேன்.
எழுதிக்கொண்டாள். இதற்கு மருந்து இருக்கிறது என்றாள்,
சளிக்குச் சொல்கிற மாதிரி.

இன்றைக்கு அட்டையோடு
ஒரு குழல் ஜெல்லியும் கேட்கிறேன்.
பையன் என்னைப் பார்க்காமல்
தாளைத் தேடுகிறான்.
"சுத்த வேண்டாம்டே."

அம்பை பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
ஒரு கை கம்பியில்.
மறு கையில் ரெண்டும்.