ஊசிக் கோடு

இருபத்திரண்டு வருசமாக
விளக்கு மேசையில் பனியன் துணி பார்க்கிறேன்.
வட்டப் பின்னல் எந்திரத்தில்
ரெண்டாயிரம் ஊசி.
ஒன்று மழுங்கினாலும்
ரோல் முழுக்க ஒரு கோடு ஓடும்.
அதைச் சொல்லத்தான் சம்பளம்.

என்னில் மழுங்கியது எதுவென்று தெரியவில்லை.
பதினாலு மாதம்.
சாந்தாமணி ஒன்றும் கேட்கவில்லை.
தலையணை உறையை மட்டும்
அடிக்கடி மாற்றினாள்.

அவிநாசி ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறினேன்.
"எத்தன நாளாச்சுங்க?" என்றார் நாச்சிமுத்து.
நாக்கைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார்,
கணுக்காலுக்கு நாலு விரல் மேலே
முடி மொத்தத்தில் ஓர் ஊசி.
பத்துத் தடவை. தடவைக்கு நானூறு.

நைட் ஷிப்டில், காம்பாக்டிங் இரைச்சலில்,
போனில் ஆய்வுகளை விரித்தேன்,
ரோலை விரிக்கிற மாதிரியே.
இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது.
சிலதில் ஒப்பிட அந்தப் பக்கமே இல்லை.
சிலதில் பொய்யூசி:
தோலைத் தொட்டதும்
தன் பிடிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும்.
அதில் படுத்தவர்களிலும்
பரவாயில்லைங்க என்றவர்கள் உண்டு.
முந்திவிடுகிறவர்களுக்கு
கொஞ்சம் நூல் பிடி கிடைக்கிறது.
எழாதவர்களுக்கு அதுவும் இல்லை.
எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்களின் கடைசி வரி:
போதாது.
இல்லை என்றல்ல. போதாது.

இந்தச் சரக்கு என் மேசைக்கு வந்திருந்தால்
மஞ்சள் சீட்டு ஒட்டி
ஓரமாய் வைத்திருப்பேன்.

எட்டாவது தடவை கேட்டேவிட்டேன்:
"இதுக்கு ஆதாரம் இருக்குதுங்களா?"
நாச்சிமுத்து கோபிக்கவில்லை.
ஊசிகளை உருவி, எண்ணி, தட்டில் போட்டபடி
"நீங்க சக்கரை பாத்தீங்களா?" என்றார்.

மறுநாள் லேபில் குத்திய ஊசி தடிமன்.
வெறும் வயிற்றில் இருநூத்திப் பன்னெண்டு.
கோடு எங்கிருந்து ஓடுகிறது என்று
தெரிந்த மாதிரி இருந்தது.
சீட்டை சாந்தாமணியிடம் நீட்டினேன்.
படித்துவிட்டு,
"என்னெப் புடிக்காமப் போச்சாட்ட இருக்குதுன்னு
நெனச்சுட்டனுங்க" என்றாள்.
பதினாலு மாதமாக
அவளும் ஏதோ ஒரு துணியை
விளக்கில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

சொல்ல விட்டது ஒன்று.
ஆறாவது தடவை முடிந்த ராத்திரி
எல்லாம் சரியாகத்தான் நடந்தது.
அன்று கரண்ட் இல்லை. நல்ல மழை.
நாச்சிமுத்து அரை மணி நேரம்
என் தூக்கத்தைப் பற்றியே விசாரித்திருந்தார்.
இதில் எதன் பேரில் எழுதுவது?
ஒத்தைப் பீஸை வைத்து
லாட்டை பாஸ் பண்ணுகிறவன் இல்லை நான்.

மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று.
மிச்சம் ரெண்டு தடவைக்குப் பணம் கட்டியாயிற்று.
போவேன்.