பதினோராம் தட்டு

கப்பல் எப்படி என்று
கரடிப்போக்குச் சந்தியில் எல்லாரும் கேட்கிறார்கள்.
பம்புக்கு வாசர் வாங்க வந்த வில்வராசா
வாசரை மறந்துபோய்க் கேட்கிறார்.

நல்ல கப்பல், என்கிறேன்.
பதினாறு தட்டு. எங்களுக்குப் பதினோராவது.
கிளிநொச்சியில் அந்த உயரத்துக்கு ஒன்றுமில்லை,
விழுந்த தண்ணீர்த் தாங்கியை
நிமிர்த்தி வைத்தாலும் எட்டாது.

சிங்கப்பூரில் ஏறினோம்.
இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு
ஸ்காபரோ மைத்துனர் கட்டிய காசு.

துவாயை மடித்து யானை செய்து
கட்டிலில் இருத்தியிருந்தான் ஒரு பொடியன்.
வாழைத் தோட்டத்துக்குள் இறங்காத யானையை
அன்றுதான் பார்த்தேன்.
அடுத்த நாள் குரங்கு. அதுவும் சாது.

நினைத்த நேரம் வெந்நீர்.
நுளம்பு இல்லை. கரண்ட் போகவில்லை.
சாமம் இரண்டு மணிக்கும்
ஆரோ ஒருவன் பீட்சா சுட்டுக்கொண்டு நின்றான்,
தின்ன ஆளில்லாமல்.

குறையும் சொல்லத்தானே வேணும்.
கடலுக்கு நடுவில் கடல் மணம் இல்லை.
முல்லைத்தீவுக் கருவாட்டு லொறி
கடை வாசலில் ஒரு தேத்தண்ணிக்கு நின்றால்
இதைவிட மணக்கும்.
மீன்குழம்பு என்று எழுதி வைத்த சட்டியில்
சீனி போட்டிருந்தார்கள்.
ஒரு நாள் வாட்ஸ்அப்புக்கு ஒரு மூட்டை நெல்லு விலை.
பினாங்கில் இறக்கி ஐந்து மணித்தியாலம் தந்தார்கள்:
ஒரு கோயில், ஒரு கடைத்தெரு,
மீதி நேரம் மணிக்கூடு.

அறைக்குச் சன்னல் இல்லை. அதுதான் மலிவு.
விளக்கை அணைத்தால்
கண் திறந்திருக்கா மூடியிருக்கா என்று தெரியாது.
குளியலறை விளக்கை
ஐந்து இரவும் எரியவிட்டாள் சாந்தரூபி.

இதை வில்வராசாவுக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் பின்னேரம் சங்கு ஊதினார்கள்,
ஏழு குறில், ஒரு நெடில். ஒத்திகை.
கையில் கிளாசோடு சிரித்துச் சிரித்து
சனம் படகு இலக்கம் தேடியது.
நாங்கள் எல்லாருக்கும் முதல் போய் நின்றோம்.
அவள் தோளில் பை. பைக்குள், பிளாஸ்டிக் உறையில்,
பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, காணி உறுதி.
"பை தேவையில்லை" என்று சைகை காட்டினான்
செம்மஞ்சள் அங்கி போட்ட பொடியன்.
அவள் விடவில்லை.
கப்பலில் முதல் தரமா என்று கேட்டான்.
நான் ஓம் என்றேன்.
அவள் இரண்டு விரல் காட்டினாள்.

முதலாவதில் எத்தனை தட்டு என்று
அவளுக்குத் தெரியாது.
மாத்தளனில் படுக்க வைத்துத்தான் ஏற்றினார்கள்.
நான் கரையில் நின்றேன்,
காயமில்லாதவன்.

காலைச் சாப்பாட்டு வரிசையில்
இரண்டு பணிஸ் எடுப்பாள்.
ஒன்று வாய்க்கு, ஒன்று பைக்கு.
எத்தனை தரம் போனாலும் தருவாங்கள், என்றேன்.
"தெரியும்" என்றாள்.
மத்தியானமும் ஒன்று எடுத்தாள். இரவும்.
கட்டுநாயக்கா கடந்து, வவுனியா கடந்து
பதினேழு பணிஸ் வீட்டுக்கு வந்தன,
கல்லுப்போல.
ஊறவைத்துக் கோழிகளுக்குப் போட்டாள்.
கோழிகள் சண்டை பிடித்தன.

"காசுக்குப் பெறுமதியோ?
இன்னொருக்காப் போவீங்களோ?"
வில்வராசா விடுவதாயில்லை.

பில் புத்தகத்தில் இருந்து தலை நிமிர்த்தாமல்
சாந்தரூபி சொல்கிறாள்:
"கட்டில் நல்ல சொகுசு, அண்ணை.
கப்பல் ஆடினதே தெரியேல்லை.
அதாலதான் எனக்கு நித்திரை வரேல்லை.
வாசர் அரை அங்குலமோ, முக்காலோ?"