ஞ போட்ட இரண்டு ரூபாய்

நாணயம் மறையும் விநாடியில்
நான் கண் சிமிட்டுகிறேன்.
பதினோரு வருடமாக இது எனக்குத் தெரியாது.
வசுமதி போனில் எடுத்த வீடியோவைச்
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான்
தெரிந்தது:
கை பொய்யைச் சுத்தமாகச் சொல்கிறது,
இமைதான் காட்டிக்கொடுக்கிறது.

"ஒவ்வொரு தடவையும்" என்றாள் அவள்,
வெண்டைக்காய் நறுக்கியபடி.
"நீ சிமிட்டினா நானும் சிமிட்டறேன்.
அதான் எனக்கு இன்னும் பிடிபடல போல."

மறுநாளிலிருந்து தாம்பரம் ரயிலில்
ஒரு கை கம்பியில், ஒரு கை காசோடு,
கண்ணைத் திறந்தே வைத்திருக்கப் பழகினேன்.
மே மாத வேர்வை.
விடு என்றால் ஒட்டிக்கொள்ளும்,
பிடி என்றால் வழுக்கும்.
கோடம்பாக்கம் வருமுன் கைதவறி
இருக்கைக்கு அடியில் உருண்டது.
"சில்லறை விழுந்துச்சு சார்" என்று
ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
மணிக்கட்டு வளையவில்லை, கட்டைவிரல் விறைக்கவில்லை,
கொடுத்ததும் தன்பாட்டில் தொடைமேல் போய்ப் படுத்துக்கொண்டது.
ஒன்றையும் மறைக்காத கை
இப்படித்தான் கொடுக்கும்.
மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி,
அதையே செய்து பார்த்தேன்,
மறைத்துக்கொண்டு.

பேச்சையும் குறைத்தேன்.
"இந்தக் கையில் ஒன்றுமே இல்லை, பாருங்கள்!"
யார் கேட்டார்கள்?
சொன்ன பிறகல்லவா சந்தேகமே பிறக்கிறது.
பளபளக்கும் வெளிநாட்டு வெள்ளிக் காசை
அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.
அது தொலைந்தால் எனக்குத்தான் நஷ்டம்,
அவர்கள் காசு தொலைந்தால்
அவர்கள் வயிற்றில் ஏதோ ஆகிறது.
அப்புறம் அவசரம்.
மறைத்த கையோடு உடனே திறந்து காட்டாதே.
சர்வர் தண்ணீர் ஊற்றட்டும்,
குழந்தை அப்பளத்தை உடைக்கட்டும்,
காசு எந்த நேரத்தில் போனது என்று
அவர்களுக்கே தெரியாமல் போகட்டும்.

சனி இரவு, அமைந்தகரை, ஏ.சி. ஹால்.
"மேசைக்கு நாலு நிமிஷம்" என்றார் மேனேஜர் செல்வின்,
"பிரியாணி ஆறக்கூடாது."
ஒன்பதாம் மேசையில் தனியாக ஒரு பெண்.
பில் கட்டி முடித்திருந்தாள்.
தயிர்ப் பச்சடியை மட்டும் விரலால் கோலமிட்டுக்கொண்டிருந்தாள்.
"மேஜிக்கா? சீக்கிரம் முடிச்சிடுங்க."

கைதுடைத்து, தன் இரண்டு ரூபாயில்
மார்க்கரால் எழுதினாள்: ஞ.
அந்த எழுத்தைக் கையெழுத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!
என் காசு ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து
மூடச் சொன்னேன்.
அவள் காசை என் கையில் மூடினேன்.
கையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன்.
சிமிட்டவில்லை.
என்னம்மா சாப்பிட்டீங்க என்றேன்.
பதில் சொல்லி முடித்த பிறகு
மெல்லத் திறந்தேன். வெறுங்கை.

"எங்க போச்சு?" என்றாள்.
அவள் மூடிய கையை நோக்கி
என் புருவம் பாதிதான் உயர்ந்திருக்கும்,
போன் அடித்தது.

இடது கையால் எடுத்தாள். முகம் மாறியது.
"வந்துட்டேன், இதோ, வந்துட்டேன்."
பை தோளில், நாற்காலி பின்னால்,
கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளிப் போனாள்.
வலது கை மூடியபடியே.

எதிரே பதினைந்து பி.
இடது கையால் கம்பி பிடித்து ஏறினாள்.
பெண்களுக்குக் காசில்லாத பஸ்.
சில்லறைக்காகக்கூட அந்தக் கை
திறக்க வேண்டியதில்லை.

எந்த நிறுத்தத்தில் நினைவு வரும்?
ஒரு காசு இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு,
அதில் ஒன்று தன் ஞ-வோடு.
பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்வாளா?
அந்தப் போனில் என்ன செய்தியோ,
நாளை வரைக்கும் பார்க்காமலே
பையில் போட்டுவிடுவாளோ?
நான் செய்ததிலேயே நல்லதை
நான் பார்க்கப்போவதில்லை.

"என்னய்யா, கைதட்டலே காணோம்?" என்றார் செல்வின்.

பத்தாம் மேசைக்கு நகர்ந்தேன்.
சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தேன்.
அவள் காசும் இல்லை, என் காசும் இல்லை.
ஐஸ்கிரீமுக்குக் காத்திருந்த பையனிடம்
நிஜமாகவே கேட்டேன்:
"ரெண்டு ரூபா இருக்கா தம்பி?"