மயிரிழை

ஒரே குளிர்காலம். நூற்றுப் பதினொரு செர்ரிக் கன்றுகளின்
பட்டையை உரித்துத் தின்றுவிட்டன முயல்கள்.
யூயன் வலை அடித்தான். வலைக்கு அடியில் தோண்டின.
பிறகுதான் இந்த ஏர் ரைபிள் வந்தது:
வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது,
ஒரு ஸ்பிரிங்கும் அதன் கோபமும் மட்டும்.

குழலை மடக்க என் முழு எடையும் வேண்டும்.
விசையைத் தொட்டால் முதலில் பின்னால் உதைக்கும்;
உடனே, ஏதோ மறந்ததுபோல், முன்னால் பாயும்.
மான் துப்பாக்கியில் பத்து வருடம் குந்தியிருந்த
யூயனின் ஸ்கோப்புக்கு உதை தெரியும்,
பாய்ச்சல் தெரியாது.
முப்பதாவது சூட்டில் உள்ளே ஏதோ கழன்றது.
காதருகே குலுக்கிப் பார்த்தேன்.
உண்டியல்.

புதிய ஸ்கோப்.
புதிய மவுண்ட், இரண்டு தனித்தனி வளையம், மலிவு.
அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.
யோசித்ததெல்லாம் குண்டுகளைப் பற்றி.

மெரேயானாவின் கடையில் ஐந்து டப்பா வாங்கினேன்.
கூர்முனை, பார்க்கப் பயங்கரம், போகிற போக்கு தன்னிஷ்டம்.
தட்டைத்தலை, இருபது மீட்டர்வரை யோக்கியம்.
பதினாலு கிரெயின் உருண்டைத்தலை
சாட்டைபோல் சொடுக்கிக்கொண்டு கிளம்பியது,
ஒலியை முந்துகிற அவசரத்தில் வழியைத் தொலைத்தது.
இருபத்தொன்று, மாவு மூட்டை.
பதினெட்டு மட்டும்
என்னவோ சொல்ல வந்து நிறுத்தியது:
நாலு குண்டு ஒரே துளையில்,
அடுத்த நாலு ஒரு விரல் மேலே.

இரவு, சமையல் மேசை, கடன் வாங்கிய தராசு.
பாவாடை நசுங்கியதை ஒதுக்கினேன்,
இடுப்பில் பிசிறு இருந்ததை ஒதுக்கினேன்,
கால் கிரெயின் கூடினாலும் ஒதுக்கினேன்.
ஐந்நூறில் முந்நூற்று நாற்பது தேறின.
விரல் நுனி ஈயச் சாம்பல்.
"கை கழுவாமல் ரொட்டியைத் தொடாதே" என்றான் யூயன்.
தேறியவையும் மேலே போயின.

அப்போது எழுதினேன் மெரேயானாவுக்கு
ஒரு முழுப்பக்கம்.
'கழிவுச் சரக்கு' என்ற சொல்லுக்கு
அடிக்கோடு வேறு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
என் விஷயத்தில் கூடம் மெய்யாகவே கோணல்;
நான்தான் தாளக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, துடைக்கும்போது பார்த்தேன்:
ரைபிளின் முதுகுக் காடியில்
மவுண்டுக்கு முன்னால் ஒரு பளபளப்பு.
கறுப்புப் பூச்சு தேய்ந்து, நகக்கண் அகலம்.
ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஸ்கோப்
மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கியிருக்கிறது.
எவ்வளவு இறுக்கினேன் இந்தத் திருகுகளை!
பின்னால் ஒரு சின்னத் துளை,
தொழிற்சாலைக்காரன் போட்டு வைத்தது,
எதற்கென்று நான் கேட்டதே இல்லை.

கடைக்குப் போனேன், ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட்டோடு.
கல்லாவுக்கு மேலே, டிரவுட் மீன் படங்களுக்கு நடுவே
என் கடிதம் குத்தியிருந்தது.
"எழுத்து அழகு, அதனால் வைத்திருக்கிறேன்" என்றாள்.
மன்னிப்புக்கு நான் வாய் திறக்குமுன்
ஒற்றைத் துண்டு மவுண்ட் ஒன்றை எடுத்து வைத்தாள்,
அடியில் அரிசிமணி அளவு ஓர் இரும்பு முளை.
"இது அந்தத் துளையில் உட்கார வேண்டும்.
அப்புறம் இறுக்கு. அளவாக."
கடிதத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டேன்.
தலையாட்டினாள், மாட்டேன் என்று.

உறைபனி. தைம் மணக்கும் சரிவு.
ஆற்றிலிருந்து இடப்பக்கமாகக் காற்று, மெல்ல.
நாற்பது மீட்டரில் ஒரு முயல்
பின்னங்காலில் எழுந்து நின்று என் திசையில் பார்த்தது.
இத்தனை நாள் தப்பிய ஒவ்வொன்றும்
ஒருவேளை இதுவேதான்.
குறுக்குக் கோடுகள் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நின்றன,
நகரவில்லை.
இனி பழிபோட யாருமில்லை,
குண்டு இல்லை, மவுண்ட் இல்லை, மெரேயானா இல்லை.

மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.
உதை. பாய்ச்சல்.
தைம் புதர் ஒருமுறை அசைந்து நின்றது.

நடந்து போய்ப் பார்த்தேன்.
பிறகு காடியைத் தடவிப் பார்த்தேன்.